வாஷிங்டன் என்று பெயர் இருந்தால் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தமா?

கேட்டவர் அமெரிக்காவில் குடியிருக்கும் ஒரு தமிழ்த் தாய். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஒரு கறுப்பினத் தோழி இருக்கிறாள். அவளுடைய குடும்பப் பெயர் வாஷிங்டன். "இவள் ஜார்ஜ் வாஷிங்டனுக்குச் சொந்தமா அம்மா? அது ஆள் பெயரா, ஊர்ப் பெயரா? இங்கிலாந்துப் பெயர் இவர்களுக்கு எப்படி வந்தது?" என்று மகள் கேட்டிருக்கிறாள். அம்மா அதை அப்படியே என்னிடம் கேட்கிறார்.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் குழந்தைகள் கிடையாது. அதனால் அவருடைய நேர் வாரிசு என்று யாரும் இல்லை. வாஷிங்டன் என்பது வட இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். அந்த ஊருக்கு வெளியிலிருந்து குடிவந்த ஒருவர் அதைத் தன் பெயராக்கிக்கொண்டார். அவர் வழியில் வந்த ஒருவர் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அதை வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோனார். இன்று அமெரிக்காவில் அந்தப் பெயர் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கறுப்பினத்தவர். குடும்பப் பெயர் ஒன்று என்றால் குடும்பமும் ஒன்று என்று நாம் சட்டென்று நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பெயரின் கதையைக் கேட்டால் அந்த எண்ணம் போய்விடும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து தொடங்கலாம். நியூகாசிலுக்கும் சண்டர்லாந்துக்கும் நடுவே, வேர் ஆற்றின் வடகரைப் பக்கம் இருக்கிறது வாஷிங்டன். பழைய காலத்தில் டர்ஹம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பழைய ஆங்கிலத்தில் வாஸா என்ற ஒருவனின் பெயரால் அமைந்த பண்ணை என்று பொருள். கடைசியில் நிற்கும் 'டன்' பழைய ஆங்கிலத்தில் 'டூன்'. அது முதலில் வேலி போட்டு அடைத்த இடம், பிறகு பண்ணை, பிறகு ஊர். நம் ஊரில் பட்டி என்பது முதலில் ஆட்டுப்பட்டி, மாட்டுப்பட்டியாக இருந்து, பிறகு உசிலம்பட்டி, கோவில்பட்டி என்று ஊராகவே ஆகிவிட்டது அல்லவா, அதே போக்குதான். தென் இங்கிலாந்தின் சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் உண்டு. அதுவும் வாஸா என்ற பெயரிலிருந்து வந்ததுதான், ஆனால் நம் கதைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நிலம் வைத்திருந்தவர்கள் தங்கள் பெயரோடு 'இன்ன ஊர்க்காரர்' என்று சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பரவியது. அதற்கு 'டி' என்ற பிரெஞ்சுச் சொல்லைப் போட்டார்கள். இந்த வழக்கம் நமக்கும் புதிதல்ல. ஏ. லட்சுமணசுவாமி முதலியார் பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஏ' ஆற்காடு. வித்தியாசம் என்னவென்றால், தொடக்கத்தில் அங்கே பெயர் நிலத்தோடு போயிற்று. நிலம் மாறினால் பெயரும் மாறும். அப்படி ஒரு மாற்றம் எழுத்தில் பதிவானதால்தான் வாஷிங்டன் குடும்பத்தின் தொடக்கம் நமக்குத் தெரிகிறது.

1183இல் டர்ஹம் பிஷப் ஹியூ டி புய்ஸே தன் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்களையும், அவற்றிலிருந்து வரவேண்டிய குத்தகை, வரி, வேலை எல்லாவற்றையும் கணக்கெடுக்கச் சொன்னார். அந்தக் கணக்கேட்டை போல்டன் புத்தகம் என்பார்கள். அதில் ஒரு சின்னப் பதிவு: வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர், ஹெர்ட்பர்ன் ஊரை விட்டுக்கொடுத்து அதற்குப் பதிலாக வாஷிங்டனைப் பெற்றிருக்கிறார், சர்ச்சும் சர்ச் நிலமும் மட்டும் அதில் சேராது, ஆண்டுக்கு 4 பவுண்டு கட்ட வேண்டும், பிஷப்பின் பெரிய வேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு போக வேண்டும். அவ்வளவுதான். ஹெர்ட்பர்ன் என்றால் மான் ஓடை. ஸ்டாக்டன் பக்கத்தில் ஹார்ட்பர்ன் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. மான் ஓடைக்காரராக இருந்தவர் நிலத்தை மாற்றிக்கொண்டதும் வில்லியம் டி வெஸிங்டன் ஆனார். இந்தப் பரிமாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் அமெரிக்கத் தலைநகரத்தின் பெயர் ஹார்ட்பர்னாக இருந்திருக்கும் என்று வட இங்கிலாந்துக்காரர்கள் சொல்வதுண்டு.

பெயரை வெஸிங்டன், வெஸ்ஸிங்டன், வாஸிங்டன் என்று எழுதுபவருக்குத் தோன்றியபடி எழுதினார்கள். காலப்போக்கில் 'டி' உதிர்ந்தது. நிலத்தைவிட்டு நகர்ந்த பிறகும் பெயர் பின்னாலேயே வந்தது. அப்போதுதான் அது முழுமையான குடும்பப் பெயராகிறது. டர்ஹமில் இருந்த மூத்த கிளைக்கு 14ஆம் நூற்றாண்டின் முடிவில் ஆண் வாரிசு இல்லாமல் போய், சொத்து மகள் வழியாக டெம்பஸ்ட் குடும்பத்துக்குப் போயிற்று. 1613இல் அந்த வீட்டைப் பின்வந்தவர்கள் பிஷப்புக்கே விற்றுவிட்டார்கள். இப்போது வாஷிங்டன் ஓல்ட் ஹால் என்று நிற்கும் வீட்டின் பெரும்பகுதி 17ஆம் நூற்றாண்டில் கட்டியது. நடுவில் ஏழைக் குடும்பங்கள் அறை அறையாகக் குடியிருந்து, இடிக்கும் நிலைக்கு வந்து, ஊர்க்காரர்கள் காப்பாற்றிய வீடு அது. 1977இல் ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோது அந்த ஊருக்கு வந்து மரம் நட்டுப்போனார்.

மூத்த கிளை முடிவதற்கு முன்பே ஓர் இளைய கிளை மேற்கே நகர்ந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராபர்ட் என்ற வாஷிங்டன், ஸ்ட்ரிக்லண்ட் குடும்பத்தில் பெண்ணெடுத்து லங்காஷையரில் கார்ன்ஃபோர்த், வார்ட்டன் பக்கம் நிலம் பெற்றார். வார்ட்டன் ஊர் புனித ஓஸ்வால்டு தேவாலயத்தின் கோபுரம் எழும்ப ஒரு வாஷிங்டன் உதவினார் என்பது அந்த ஊர் வழக்கு. குடும்பச் சின்னம் செதுக்கிய கல்லை இப்போதும் உள்ளே வைத்துப் பாதுகாக்கிறார்கள். மழையிலும் காற்றிலும் தேய்ந்துபோன கல், ஆனால் உருவம் புரியும்: குறுக்கே இரண்டு பட்டைகள், மேலே மூன்று நட்சத்திரங்கள்.

அந்தச் சின்னத்தைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பின்னணியில் சிவப்புப் பட்டைகளும் சிவப்பு நட்சத்திரங்களும் இருப்பதைப் பார்த்து, அமெரிக்கக் கொடியே இதிலிருந்துதான் வந்தது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். அதற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. கொடி உருவானபோது யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் தலைநகரமான வாஷிங்டன் டி.சி.யின் கொடி மட்டும் நிஜமாகவே இந்தக் குடும்பச் சின்னம்தான். 1938இல் ஏற்றுக்கொண்டார்கள். போரில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தின் உச்சியிலும் அதே கேடயம் இருக்கிறது.

அடுத்த நகர்வுக்குக் காரணம் கம்பளி. வார்ட்டன் கிளையில் பிறந்த லாரன்ஸ் வாஷிங்டன் தெற்கே நார்தாம்ப்டனுக்குப் போய் கம்பளி வியாபாரத்தில் இறங்கினார். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆட்டு ரோமம்தான் காசு. 1532இலும் 1545இலும் அவர் அந்த நகரத்து மேயர். நடுவில் எட்டாம் ஹென்றி துறவியர் மடங்களைக் கலைத்து நிலங்களை விற்கத் தொடங்கினார். நார்தாம்ப்டன் புனித ஆண்ட்ரூ மடத்துக்குச் சொந்தமாக இருந்த சல்கிரேவ் நிலத்தை 1539இல் லாரன்ஸ் வாங்கினார். விலை 324 பவுண்டு 14 ஷில்லிங் 10 பென்ஸ். அங்கே அவர் கட்டிய சுண்ணாம்புக்கல் வீடு இன்றும் இருக்கிறது. வாசல் முகப்பின் கீழ் நின்று வளைவின் இரண்டு மூலைகளையும் அண்ணாந்து பார்த்தால் அதே பட்டைகளும் நட்சத்திரங்களும் கண்ணில் படும். பிரிட்டனும் அமெரிக்காவும் நூறு ஆண்டு சமாதானமாக இருந்ததன் நினைவாக 1914இல் அந்த வீட்டை விலைக்கு வாங்கி நினைவிடமாக்கினார்கள்.

இங்கிலாந்தில் சொத்து மூத்த மகனுக்குப் போகும். மற்ற பிள்ளைகள் சர்ச், வியாபாரம், படை, கடல் என்று வழி தேடிக்கொள்ள வேண்டும். குடும்பங்கள் ஊர் ஊராக நகர்ந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. சல்கிரேவ் வாஷிங்டன்கள் நிறையப் பெற்றார்கள், நிறையச் செலவழித்தார்கள். 1610இல் அந்த வீட்டை உறவினர் ஒருவருக்கு விற்கும் நிலை வந்தது. மேயரின் பேரனான இன்னொரு லாரன்ஸ் 1616இல் இறந்தபோது, கிரேட் பிரிங்டன் தேவாலயத்தில் அவர்மேல் பதித்த கல்லில் 8 மகன்கள், 9 மகள்கள் என்று எழுதினார்கள். பதினேழு பிள்ளைகள், கையில் வீடும் இல்லை.

அந்த எட்டு மகன்களில் ஐந்தாமவர் பெயரும் லாரன்ஸ்தான். இந்தக் குடும்பத்தில் லாரன்ஸ், ஜான், ராபர்ட் என்று மூன்று நான்கு பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நமக்கு இதன் சங்கடம் நன்றாகவே புரியும். இந்த லாரன்ஸ் ஆக்ஸ்போர்டு பிரேஸ்நோஸ் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்து, பிறகு எசெக்ஸில் பர்லி என்ற ஊருக்குப் பாதிரியாராகப் போனார். நல்ல வருமானம் உள்ள இடம். அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. மன்னர் ஒரு பக்கம், பாராளுமன்றம் ஒரு பக்கம். வாஷிங்டன்கள் மன்னர் பக்கம். 1643இல் பாராளுமன்றத் தரப்பு பாதிரியாரைப் பதவியிலிருந்து இறக்கியது. மதுக்கடையே கதியாகக் கிடக்கிறார், மற்றவர்களையும் குடிக்கத் தூண்டுகிறார் என்பது குற்றச்சாட்டு. மன்னர் பக்கம் நின்ற பல பாதிரிமார் மேல் அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குற்றச்சாட்டுகளை அச்சிட்டே வெளியிட்டார்கள். அதனால் அதை நான் அப்படியே நம்புவதில்லை. அவருக்குப் பிறகு கிடைத்தது ஓர் ஏழைத் தேவாலயம். 1653 தொடக்கத்தில் மால்டன் ஊரில் இறந்தார். பிள்ளைகளுக்கு என்று விட்டுப்போக ஒன்றும் இல்லை.

அவருடைய மூத்த மகன் ஜான் வாஷிங்டன்தான் கடல் தாண்டியவர். 1656இல், இருபத்தைந்து வயது வாக்கில், 'சீ ஹார்ஸ் ஆஃப் லண்டன்' என்ற கப்பலில் மேட் (கப்பல் தலைவருக்கு உதவியான அதிகாரி) பதவியிலும், வியாபாரத்தில் பங்காளியாகவும் புறப்பட்டார். சரக்கைக் கொடுத்துப் புகையிலை வாங்கித் திரும்புவது திட்டம், குடியேறுவது அல்ல. திரும்பும் வேளையில், 1657 தொடக்கத்தில், பொட்டோமாக் ஆற்றில் புயலில் கப்பல் தரைதட்டியது. ஏற்றிய புகையிலை பாழானது. கப்பலைச் சரிசெய்யும் நாட்களில் ஜான் கரையில் நதானியேல் போப் என்ற செல்வந்தர் வீட்டில் தங்கினார். அவருடைய மகள் ஆன் மேல் விருப்பம் வந்தது, இங்கேயே இருந்துவிடுகிறேன் என்றார். கப்பல் முதலாளி எட்வர்டு பிரெஸ்காட் விடவில்லை, எனக்குப் பணம் தரவேண்டும் என்று மல்லுக்கு நின்றார். ஜானுக்காகப் பீவர் என்ற நீர்விலங்கின் தோல்களைப் பிணையாகத் தர முன்வந்தவர் போப்தான். பிறகு மாட்டாக்ஸ் ஓடைக்கரையில் 700 ஏக்கரையும் மருமகனுக்குக் கொடுத்தார்.

இந்த ஜான் எப்படிப்பட்ட ஆள் என்று காட்டும் ஒரு சம்பவம் மேரிலாந்து நீதிமன்றப் பதிவில் இருக்கிறது. 1659இல் அவர் அதே பிரெஸ்காட் மேல் ஒரு புகார் கொடுத்தார். இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் எலிசபெத் ரிச்சர்ட்சன் என்ற பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லிக் கப்பலிலேயே தூக்கிலிட்டார்கள் என்பது புகார். ஆளுநர் ஜோசியாஸ் ஃபெண்டால் விசாரணைக்கு நாள் குறித்து, சாட்சி சொல்ல ஜானை அழைத்தார். ஜான் பதில் கடிதம் எழுதினார்: வரமுடியாது, என் மகனுக்கு அப்போது ஞானஸ்நானம் வைத்திருக்கிறேன், ஆட்களை எல்லாம் அழைத்தாயிற்று. விசாரணை நடந்தது. தூக்கிலிட்டது கப்பலை ஓட்டிய மாஸ்டரும் மாலுமிகளும், நான் தடுக்கப் பார்த்தேன் என்றார் பிரெஸ்காட். எதிர்த்துச் சொல்ல சாட்சி இல்லை, விடுதலையானார். அந்த ஞானஸ்நானக் குழந்தைதான் லாரன்ஸ், ஜார்ஜ் வாஷிங்டனின் தாத்தா. எலிசபெத் ரிச்சர்ட்சனுக்கு நியாயம் கேட்டு எழுந்த ஒரே குரல் ஒரு குடும்ப விசேஷத்துக்காக நின்றுபோனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும்.

வர்ஜீனியாவில் நிலம் சேர்ந்த விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவரின் கப்பல் செலவை ஏற்று அழைத்து வந்தால் தலைக்கு 50 ஏக்கர். வந்தவர் கூலி ஒப்பந்தத்தில் சில ஆண்டு உழைப்பார். நிலம் அழைத்து வந்தவருக்கு. 1674இல் ஜானும் நிக்கோலஸ் ஸ்பென்சர் என்பவரும் சேர்ந்து லிட்டில் ஹண்டிங் ஓடைப் பக்கம் 5,000 ஏக்கர் பெற்றார்கள். பின்னாளில் ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையான மவுண்ட் வெர்னன் ஆனது அந்த நிலம்தான். அடுத்த ஆண்டு சஸ்குவஹானாக் என்ற பூர்வகுடி மக்களின் கோட்டையை முற்றுகையிட்ட படையில் ஜான் கர்னல். பேச்சுவார்த்தைக்கு வெளியே வந்த ஐந்து தலைவர்களை அங்கே கொன்றார்கள். பூர்வகுடிகள் ஜானுக்குக் கோனோடோகாரியஸ் என்று பெயர் வைத்தார்கள். ஊரை விழுங்குபவன் என்று பொருள். 1753இல் அவருடைய கொள்ளுப்பேரன் ஜார்ஜ் ஓஹியோ பக்கம் போனபோது, டனாக்ரிஸன் என்ற தலைவர் அதே பெயரால் அவரையும் அழைத்தார். ஓர் ஊரின் பெயரை வைத்துக்கொண்ட குடும்பத்துக்குப் பூர்வகுடிகள் தந்த பெயர் இது.

ஒருமுறை இந்தக் கிளை இங்கிலாந்துக்கே திரும்பிப் போகவும் பார்த்தது. ஞானஸ்நானக் குழந்தை லாரன்ஸ் 1698இல் இறந்தார். மனைவி மில்ட்ரெட், வைட்ஹேவன் துறைமுகத்துப் புகையிலை வியாபாரி ஜார்ஜ் கேலை மணந்து பிள்ளைகளோடு 1700இல் கப்பலேறினார். மறு ஆண்டே பிரசவத்துக்குப் பின் இறந்தார். மாற்றாந்தந்தை பையன்களை ஆப்பிள்பி பள்ளியில் சேர்த்தார். வர்ஜீனியாவில் இருந்த உறவினர் ஒருவர் வழக்குத் தொடுத்து 1704இல் பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் அகஸ்டின், ஜார்ஜின் அப்பா. அந்த வழக்கு தோற்றிருந்தால் ஜார்ஜ் என்று ஒருவர் பிறந்திருந்தாலும் வைட்ஹேவன் இருக்கும் கம்பர்லாந்தில் பிறந்திருப்பார்.

ஜார்ஜ் தன் கொடிவழியை, அதாவது வம்சாவளியை, பற்றி அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. அவர் அதிபராக இருந்தபோது லண்டனில் குலச்சின்னங்களைப் பார்த்துக்கொண்ட அதிகாரி ஐசக் ஹேர்டு கடிதம் எழுதிக் கேட்டார். அதில் நான் பெரிதாகக் கவனம் செலுத்தியதில்லை, வட இங்கிலாந்து மாவட்டம் ஒன்றிலிருந்து வந்தோம் என்று கேள்வி என்று 1792இல் பதில் போட்டார். ஹேர்டு ஒரு கொடிவழி தயாரித்தார். பெயர் பொருந்திய வேறு ஜானையும் வேறு லாரன்ஸையும் வர்ஜீனியாவுக்குப் போனவர்கள் என்று அவர் வைத்துவிட்டார். நூறு ஆண்டு அந்தத் தவறு நின்றது. 1879இல் வந்த ஒரு நூல் இன்னும் மேலே போய் வட ஐரோப்பியப் பழங்கடவுள் ஓடின் வரை கொண்டுபோய் நிறுத்தியது. 1889இல் ஹென்றி வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர்தான் பழைய உயில்களைத் தோண்டி, டிரிங் ஊர்க்காரர் ஒருவரின் 1650ஆம் ஆண்டு உயிலில் பர்லி பாதிரியாரின் பிள்ளைகள் பெயர் வரிசையாக இருப்பதைக் கண்டு, சரியான ஜானை அடையாளம் காட்டினார். கொடிவழி தேடுகிறவர்கள் எல்லாரும் இதை மனதில் வைக்க வேண்டும். பெயர் பொருந்துவது ஒரு துப்பு மட்டுமே. உயில், ஞானஸ்நானப் பதிவு, நிலப் பத்திரம் இவைதான் சாட்சி.

சரி, இனி உங்கள் மகளின் தோழி விஷயம்.

அப்பா இறந்தபோது ஜார்ஜுக்கு 11 வயது. பங்காக வந்தவற்றில் 10 அடிமைகளும் அடக்கம். 1799இல் அவர் கணக்கெடுத்தபோது மவுண்ட் வெர்னனில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் மட்டுமே சட்டப்படி அவருக்குச் சொந்தம். மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பின் அவர்களை விடுவிக்கும்படி உயில் எழுதினார். மார்த்தா காத்திருக்காமல் 1801 ஜனவரி 1 அன்றே விடுவித்தார். மார்த்தாவின் முதல் கணவர் வழியாக வந்த 153 பேர் அடிமைகளாகவே அவருடைய பேரப்பிள்ளைகளுக்குப் போனார்கள். ஒரே பண்ணையில் கணவன் ஒரு கணக்கிலும் மனைவி மறு கணக்கிலும் இருந்தால், ஒருவருக்கு விடுதலை, மற்றவருக்குக் கிடையாது.

அந்தப் பண்ணையிலிருந்து அந்தப் பெயரோடு வெளியேறியவர்களில் என் மனதை விட்டு அகலாதவர் ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவில் காம்பியா பக்கம் பிறந்து, பிடிபட்டு, 1763இல் ஜார்ஜிடம் விலைக்கு வந்தவர். சுதந்திரப் போர் தொடங்கியதும், எங்கள் பக்கம் வரும் அடிமைகளுக்கு விடுதலை என்று பிரிட்டிஷ் தரப்பு அறிவித்தது. 1776இல் ஹாரி தப்பி அந்தப் பக்கம் போனார். கறுப்பினத் துணைப்படையில் கார்ப்பரல் ஆனார். 1783இல் பிரிட்டிஷார் நியூயார்க்கைக் காலிசெய்தபோது கப்பலேறியவர்களின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது: ஹாரி வாஷிங்டன், வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் குளிரிலும் வறுமையிலும் சில ஆண்டுகள். 1792இல் அங்கிருந்து சியரா லியோனின் ஃப்ரீடவுனுக்கு. அங்கே குடியேற்றத்தை நடத்திய கம்பெனி நிலத்துக்கு வரி கேட்டது. 1800இல் அதை எதிர்த்துக் கிளர்ந்தவர்களில் ஹாரியும் ஒருவர். பிடித்து விசாரித்து, ஆற்றுக்கு அப்பால் புல்லம் கரைக்கு நாடு கடத்தினார்கள். டர்ஹம் கிராமத்துப் பெயர் ஒன்று அட்லாண்டிக் கடலை இரண்டாம் முறை தாண்டி ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது இப்படி.

ஆனால் லட்சக்கணக்கான பேருக்கு அந்தப் பெயர் வந்தது மவுண்ட் வெர்னனிலிருந்து அல்ல. 1865இல் அடிமைமுறை ஒழிந்தபோது சுமார் 40 லட்சம் பேர் விடுதலையானார்கள். அடிமைப் பதிவுகளில் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான்: ஹாரி, சூசன், டாம். தங்களுக்குள் குடும்பப் பெயர் வைத்திருந்தவர்கள் உண்டு, முதலாளிகள் அதைக் கண்டுகொண்டதில்லை. இப்போது கூலி ஒப்பந்தம், திருமணப் பதிவு, படைச் சேர்க்கை, பள்ளி எல்லாவற்றுக்கும் இரண்டாவது பெயர் தேவைப்பட்டது. பழைய முதலாளியின் பெயரைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் விசுவாசத்துக்காக அல்ல. விற்கப்பட்டுப் பிரிந்துபோன அண்ணனோ அக்காவோ தேடினால் கண்டுபிடிக்கட்டும் என்று. வேறு சிலர் தங்களுக்குப் பிடித்த, மரியாதை தரும் பெயரைத் தேர்ந்தார்கள்.

மரியாதைக்குரியவர் பெயரை வைப்பது நமக்கும் தெரிந்த பழக்கம். கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரின் பெயர் அமெரிக்க அதிபரிடமிருந்து வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது அப்படி அல்ல. திருவல்லிக்கேணியில் ஏழ்மையில் வளர்ந்த அவருடைய அப்பாவுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டி, சைக்கிளில் மெரினா மைதானத்துக்கு அழைத்துப்போய் ஆதரித்த, ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவரின் பெயர் அது. அவர் 1999இல் காலமானார். அதே ஆண்டு பிறந்த மகனுக்கு அப்பா அந்தப் பெயரை வைத்தார். ஒரு பெயருக்குப் பின்னால் இருக்கும் நன்றியைப் பதிவேட்டைப் பார்த்து ஊகிக்கவே முடியாது.

புக்கர் டி. வாஷிங்டன் கதையும் அப்படித்தான். 1856இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர், பின்னாளில் டஸ்கீகீ கல்வி நிலையத்தைக் கட்டி எழுப்பியவர். விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவில் முதல்முறை பள்ளிக்கூடம் போனான் சிறுவன் புக்கர். ஆசிரியர் ஒவ்வொருவராகப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார். மற்றப் பிள்ளைகள் இரண்டு, மூன்று பெயர் சொல்கிறார்கள். தனக்கோ ஒரு பெயர்தான். தன் முறை வருவதற்குள் யோசித்து முடிவுசெய்துவிட்டான். அமைதியாக 'புக்கர் வாஷிங்டன்' என்றான், ஆசிரியர் எழுதிக்கொண்டார். மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நடுவில் நிற்கும் 'டி' டாலியஃபெரோ, அம்மா வைத்திருந்த பெயர். அது பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. வரிசையில் நின்ற அந்தச் சில நிமிடங்களில் ஒரு குழந்தை தனக்குத்தானே குடும்பப் பெயர் கொடுத்துக்கொண்டது.

முதலாளி வழியாக வந்தவர்களுக்கு ஓர் உதாரணம் டென்னஸியில். ஜார்ஜின் தூரத்து உறவான ஜோசப் வாஷிங்டன் 1796இல் அங்கே ஒரு புகையிலைப் பண்ணை தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் வெஸ்ஸிங்டன், ஆமாம், டர்ஹம் பதிவேட்டின் அதே பழைய எழுத்தில். 1860இல் அங்கே 274 அடிமைகள் இருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு அவர்களில் பலர் வாஷிங்டன் என்ற பெயரோடு நாடெங்கும் பரவினார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் இந்தக் குடும்பப் பெயர் உள்ளவர்கள் 1,63,036 பேர். அவர்களில் சுமார் 90 சதவீதம் கறுப்பினத்தவர். சிகாகோவின் முதல் கறுப்பின மேயர் ஹெரால்டு வாஷிங்டனும் நடிகர் டென்ஸல் வாஷிங்டனும் நாம் அறிந்த முகங்கள்.

ஆக, தோழியின் குடும்பத்துக்கு ஜார்ஜோடு ரத்த உறவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வேறு வாஷிங்டன் கிளை எதனோடும் உறவே இருக்காது என்று மட்டும் சொல்லமாட்டேன். ஜார்ஜின் சகோதரர்கள் வழியிலும், வர்ஜீனியாவுக்குப் பின்னால் வந்து சேர்ந்த ஜானின் தம்பி லாரன்ஸ் வழியிலும் பெரிய குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள். அடிமைப் பெண்களிடம் முதலாளிகளுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனையோ பேர்.

அந்தக் குடும்பம் தேட விரும்பினால் வழி இருக்கிறது. இன்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாக 1870 கணக்கெடுப்பு வரை பின்னால் போகச் சொல்லுங்கள். விடுதலையான எல்லாரையும் முதன்முறையாகப் பெயர், ஊர், வயதோடு எழுதியது அதில்தான். அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளி பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். ஆள் பெயர் இருக்காது. இந்த இடைவெளியைத் தாண்ட உதவுவது ஃப்ரீட்மென்ஸ் வங்கியின் பதிவேடுகள். 1865இல் விடுதலையானவர்களுக்காகத் தொடங்கி 1874இல் மூடிய வங்கி அது. கணக்குத் தொடங்க வந்தவர்களிடம் பிறந்த ஊர், அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், சில இடங்களில் பழைய முதலாளியின் பெயரும் பண்ணையின் பெயரும்கூடக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பெயர் எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பவேண்டாம், குடும்பத்து ஆட்களின் பெயர்களும் வயதும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பாருங்கள்.